சத்தம் போடாத எட்டாம் எழுத்து

அரியலூரில் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மாணவர்களைவிடப் பார்சல்தான் அதிகம் வரும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என் வகுப்பு. ‘கொரியன்’ என்ற போர்டைக் கூரியர் என்று படித்துவிட்டு, முந்திரி மூட்டையோடு படியேறி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் என் வேலையில் சேர்த்தி. கொரியாவில் ஏழு வருஷம் ஃபேக்டரி வேலை பார்த்தேன். அங்கே தமிழ் பேச ஆள் இல்லை. திரும்பி வந்தேன், இங்கே கொரியன் பேச ஆள் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நான் மட்டும்தான். என்றைக்காவது ஒருத்தராவது எதிரே உட்கார்ந்து அந்த மொழியில் நாலு வார்த்தை பேச மாட்டாரா என்ற ஆசையில்தான் வகுப்பே ஆரம்பித்தேன். யாருக்கும் உதவாத ஒன்றைக் கற்றுவைத்துக்கொண்டு முழிக்கிற என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அ எங்கே?

முதல் நாள் போர்டில் வரிசையாக எழுதினேன்: க, ந, த, ர, ம, ப, ச... மெய்யெழுத்து பதினாலும் முதலில். உயிர் பத்தும் அதற்கப்புறம்தான். வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் நோட்டில் முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அ வரும், எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள்.

கடைசியில் செந்துறையிலிருந்து வரும் லாரி மெக்கானிக் பாலு எழுந்து கேட்டார்: “உசுர உட்டுட்டு மெய்ய மட்டும் எழுதிட்டீங்களே சார், மறந்துட்டீங்களா?”

அட்டெண்டன்ஸ்

வரிசை மனதில் பதியட்டும் என்று அட்டெண்டன்ஸையும் கொரிய வரிசைப்படியே மாற்றினேன். அமுதா என்ற பெண், பள்ளிக்கூடம் முதல் காலேஜ் வரை எப்போதும் முதல் பெயர். என் நோட்டில் பரிமளாவுக்கும் செல்விக்கும் பின்னால் போய்விட்டாள். இரண்டு நாள் தன் பெயர் வருவதைக் கவனிக்காமல் ஆப்சென்ட் வாங்கினாள். மூன்றாம் நாள் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வூட்டுல ரொம்ப யோசிச்சு அ-வுல பேரு வச்சாங்க சார். எல்லாம் வீணாப்போச்சு.”

அம்மா இல்லாத ஊர்

கொரியர்களும் அம்மாவைக் கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான் கூப்பிடுவார்கள், ஒம்மா என்று. அதை அகராதியில் தேடச் சொன்னேன். பாலு முதல் பக்கத்திலிருந்து அரை மணி நேரம் புரட்டினார். பிறகு உயிரெழுத்துகள் கடைசியில்தானே என்று பின்னாலிருந்து புரட்டினார். அவர் முகம் வாடிவிட்டது.

நான் விளக்கினேன். கொரியனில் உயிரெழுத்தைத் தனியாக எழுத முடியாது. அதற்கு முன்னால் ஒரு சின்ன வட்டம் போட வேண்டும். அந்த இடத்தில் வட்டத்துக்குச் சத்தம் கிடையாது. உயிருக்குத் துணையாக நிற்பதோடு சரி. வரிசையில் அது எட்டாவது எழுத்து. உயிரில் தொடங்கும் எல்லாச் சொல்லும் அகராதியின் நடுவே அந்த வட்டத்தின் கீழேதான் இருக்கும். அம்மாவும் அங்கேதான்.

விக்கிரமங்கலம் பரிமளா, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர், மெதுவாகச் சொன்னார்: “வாயத் தொறக்காம கூட நிக்கிறதுக்குன்னே ஒரு எழுத்தா? குடுத்து வச்ச உசுருதான்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாராயோ

ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அமுதாவுக்குக் கல்யாணம். பாலு அங்கே வேலைக்குப் போவதற்கான மொழிப் பரீட்சையில் பாஸாகிக் கொரியாவுக்கே போய்விட்டார். மிச்சம் பரிமளா மட்டும். ‘சாராயோ’ என்றால் வாழ்கிறீர்களா என்று அர்த்தம். அதைக் கேட்டு வகுப்பே சிரித்தபோது சிரிக்காமல் எழுதிக்கொண்டவர் அவர். எழுதப் படிக்கத் தேறிவிட்டார், இன்னும் ஆறு மாதம் இருந்தால் கூச்சம் விட்டு என்னோடு பேசிவிடுவார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. நாள் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசி நாள் பஸ் வரை கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, ஒரு திணறலும் இல்லாமல், “ஹோன்ஜா சாராயோ?” என்றார். தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஊர் திரும்பியபின் அந்த மொழியில் என்னை ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாத்தியாரிடம் அப்படிக் கேட்கக் கூடாது, மரியாதையாக ‘சாசெயோ’ என்று கேட்க வேண்டும் என்று திருத்தினேன்.

அவர் திருத்திக்கொள்ளவில்லை. தமிழிலேயே சொன்னார்: “தப்பு கெடக்குது சார், பதிலச் சொல்லுங்க.”

இருபத்து நாலு எழுத்தையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த வாத்தியார், ஆமாம் என்பதை அவர்கள் மொழியில் ‘நே’ என்று சொல்வதா, நம் மொழியிலேயே சொல்வதா என்று யோசித்து முடிப்பதற்குள் விக்கிரமங்கலம் பஸ் கிளம்பிவிட்டது.