டயர் விலை கேட்ட மூன்று கடைகள்

என் காரின் நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டிருந்தன. பின்பக்கத்து டயர் ஒன்றில் கம்பியே வெளியே தெரிந்தது. மாத்தளைப் பக்கத்து நாலந்தாவிலிருந்து மூன்று டீச்சர்மாரை லக்கலப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஏற்றி இறக்குவதுதான் அப்போது என் பிழைப்பு. ஒரே வாரத்தில் இரண்டு தடவை காற்றுப் போய், யானை நடமாடும் இடத்தில் அவர்களை இறக்கி நிறுத்திவிட்டு டயர் மாற்றினேன். திங்கட்கிழமைக்குள் புது டயர் போடாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கோபமில்லாமல் சொன்னார்கள். அதனால் செய்துவிடுவார்கள் என்று தெரிந்தது.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தேயிலை, மிளகு, லொறி, ஹோட்டல் என்று எதிலும் ஒரு வருடம் நின்றதில்லை. அந்த அலைச்சலில் எனக்குத் தங்கியது ஒரே ஒரு கூட்டாளி. தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் இருவரும் ஒரே சாக்குப் படங்கை விரித்துப் படுத்தோம். எனக்குக் காய்ச்சல் கண்டபோது என் மூட்டைகளையும் அவனே தூக்கினான். பிறகு அவன் வாகனம் வாங்கி விற்கும் ஆட்களோடு சேர்ந்தான். சப்பாத்து, மணிக்கூடு என்று தோற்றம் மாறியது. எங்களுக்குள் மட்டும் நீ, நான், மச்சான்தான்.

அவனிடம் டயர் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு கடையில மட்டும் கேட்டு ஏமாறாத மச்சான். மூணு கடையில வெல கேட்டுட்டு வாங்குவோம்," என்றான்.

சனிக்கிழமை காலை காரை அவனே ஓட்டினான். மொட்டை டயரோடு டவுன் நெரிசலில் என் கையை நம்ப முடியாது என்று சிரித்தான். முதலில் யட்டவத்தயில் கேட்டோம். டயர் ஒன்று பத்தொன்பதாயிரம் என்றார்கள். மாத்தளையில் முதல் கடையில் ஐநூறு குறைவு. இரண்டு இடத்திலும் அவன் தலையை ஆட்டி, கொள்ளை என்று முணுமுணுத்து, என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். எனக்காக இப்படிப் பேச ஓர் ஆள் இருக்கிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. என்னை இறங்கிப் போகச் சொல்லிவிட்டு அவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி எதிர்ப்பக்கம் காத்திருந்தான். கடைக்கார நானா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்ற காரைப் பார்த்தார். என் சாரத்தையும் ரப்பர் செருப்பையும் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கதானே காலையில கோல் எடுத்தது? கார்க்காரர் உள்ளுக்கு வார முந்தி சொல்லிர்ரேன். டயர் பதினஞ்சரை. ஒங்க பங்கு ரெண்டரையும் சேத்து பதினெட்டுன்னு சொல்றேன். மத்த ரெண்டு கடையிலயும் கூட்டித்தானே சொல்லச் சொன்னீங்க?"

யட்டவத்தயில் அவன் தலையாட்டிய விதம் ஞாபகம் வந்தது. எவ்வளவு நன்றாக ஆட்டினான்.

"எனக்குப் பங்கு வேணாம் நானா. பதினஞ்சரைக்கே போடுங்க. கார் என்னோடது," என்றேன்.

நானா என் செருப்பை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பில் புத்தகத்தை எடுத்தார்.

அதற்குள் ஓர் இடம் காலியாகி, அவன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுமாறு சத்தமாகவே தொடங்கினான். நானா டயர் அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன மச்சான் சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டான்.

"பதினஞ்சரை. உங்க பங்கக் கழிச்சிட்டாரு. சாவியத் தாங்க."

இத்தனை வருடத்தில் அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவன் நானாவின் முதுகைப் பார்த்தான். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். மூன்றாவது டயர் பூட்டும்வரை வாசலில் நின்றான். நான்காவது முடிந்து நான் நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

திங்கட்கிழமை டீச்சர்மார் காரைச் சுற்றிவந்து டயர்களைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். என் பிழைப்பு தப்பியது. இப்போதும் நாலந்தாச் சந்தியில் எப்போதாவது அவனைக் காண்கிறேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறான். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.