வீம்பு வீட்டு மருமகள்

அந்த வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் வீம்பு வீடு. அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினையில் மனஸ்தாபம். அண்ணன் மாளிகையைத் தனக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு துண்டு நிலத்தைத் தம்பி தலையில் கட்டினார். ஒரு வண்டி நிறுத்தக்கூடக் காணாத இடம். தம்பி அசரவில்லை. அந்தத் துண்டின் மேலேயே மூன்று மாடி எழுப்பி, அண்ணன் வீட்டு ஜன்னல்களை அடைத்து வெளிச்சம் வராமல் செய்துவிட்டார். முகப்பு மட்டும் கொள்ளை அழகு. செதுக்கிய கல் வளைவுகள், வண்ணக் கண்ணாடி, உச்சியில் அண்ணன் வீட்டைப் பார்த்து நாக்கை நீட்டும் ஒரு கல் முகம். உலகத்து விசித்திரக் கட்டடங்களைப் பற்றி யார் புத்தகம் போட்டாலும் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள்.

அழகெல்லாம் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு. உள்ளே குடித்தனம் நடத்தியவள் ஒரு தையல்காரி. வீட்டைக் கட்டிய தம்பியின் கொள்ளுப்பேரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த அன்றைக்கே அவளுடைய பீரோ வாசலில் மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினார்கள். துணி வெட்டும் மேஜையும் உள்ளே வரவில்லை. தரைத்தளத்து அறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு வெட்டப் பழகினாள். மாடிப்படியில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. புருஷனோடு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாமென்றால், அதற்கும் அவரே வழிவிட வேண்டும்.

போதாக்குறைக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். அவள் யாருக்காவது ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருப்பாள், ஜன்னலில் நாலு முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு குடும்பம் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்து, டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டது. அவள் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு நின்றிருந்தாள். வீட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்த தொல்பொருள் துறைக்காரர்களோ முகப்பில் ஓர் ஆணி அடிக்கவும் விடவில்லை. மாடியில் துணி உலர்த்தும் கொடியையும், படத்தில் விழுகிறது என்று சொல்லி அவிழ்க்க வைத்தார்கள்.

புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். பகலெல்லாம் அகலமான வண்டியில் காற்றாட உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வந்து வாசலில் நின்று வெளியூர்க்காரர்களோடு படம் எடுத்துக்கொள்வார். நாலு பேர் தேடி வந்து பார்க்கிற வீட்டில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார். கொடுத்து வைத்தது தானா அவரா என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொள்வாள்.

மாமனார் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆள் நல்ல கனம். மூன்றாவது மாடி அவருடையது. ஒரு மழைக்காலத்துக் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. தீயணைப்பு வண்டியை வரவழைத்து, வண்ணக் கண்ணாடி ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தெடுத்து, மனிதரைப் பலகையில் கட்டிக் கயிற்றில் இறக்கினார்கள். கீழே திரண்டிருந்த கூட்டம் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தது. பலகை தரையைத் தொட்டதும் சிலர் கைதட்டினார்கள்.

மாமனார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவளைத் தேடினார். "கால் தெரியுதாம்மா? போர்வைய இழுத்து விடு" என்றார். அவள் இழுத்து விட்டாள். கூட்டத்தைப் பார்த்து ஏதாவது திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் கூப்பிட, அவரோடு வண்டியில் ஏறினாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொல்பொருள் துறை அதிகாரி வந்துவிட்டார். நோயாளியை விசாரிக்க அல்ல, கண்ணாடி விரிசல் விட்டதைப் பார்க்க. அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். இனி மாமாவால் மாடி ஏற முடியாது, பின்பக்கச் சுவரை இடித்துக் கீழேயே ஒரு குளியலறை கட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்றாள். அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இது உங்க வீடு மட்டும் இல்லம்மா. உலகத்துக்கே சொந்தம்."

"அப்போ உலகத்த வந்து எங்க மாமாவக் குளிப்பாட்டச் சொல்லுங்க."

அவள் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

திரும்பி வந்த மாமனாரைத் தையல் அறையில் படுக்க வைத்தார்கள். கட்டில் சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. வாசலிலிருந்து படிக்குப் போக அவர் கால்மாட்டில் ஏறி இறங்க வேண்டும். தையல் இயந்திரம் மாடிக்குப் போனதால், ஏற முடியாத வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். படுக்கையிலேயே எல்லாம் நடக்கிற மனிதரை ஊர் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னலில் ஒரு கெட்டித் துணியைக் கட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போய் வந்து பார்த்தால், துணி ஒதுக்கிக் கிடக்கிறது. வெளியே ஒரு கூட்டம். மாமனார் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று புருஷன் சமாதானம் சொன்னார்.

அவள் கூட்டத்தின் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினாள். வேறு வீடு பார்க்கப் போகிறேன் என்றாள். புருஷனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கொள்ளுத்தாத்தா ஆசை ஆசையா கட்டினது. நாம விட்டுட்டுப் போனா அந்த அண்ணன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

அண்ணன் வம்சத்தில் ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. மாளிகை எப்போதோ லாட்ஜ் ஆகிவிட்டது. அதைச் சொல்லலாமென்று அவள் வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாருடா ஆசையா கட்டினது? கட்டினவர் ஒரு ராத்திரிகூட இதுல படுக்கல. காத்தே வராதுன்னு தன் மாமனார் வீட்டோட போயிட்டார். வாடகைக்கும் ஆள் வரல. வேற போக்கிடம் இல்லாமத்தான் எங்கப்பா இதுல குடி வந்தார்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மகன் கேட்டார்.

"யார் கேட்டீங்க? வர்றவன் எல்லாம் அந்த நாக்க நீட்டுற மூஞ்சியப் பத்தித்தான் கேக்குறான்."

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், சாயம் போன அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு ஒன்று காலியாக இருந்தது. அதைப் படம் எடுக்க எவனுக்கும் தோன்றாது. அவள் மாமனாரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். புருஷன் வரமாட்டேன் என்று அந்த வீட்டிலேயே தங்கினார். அவள் கெஞ்சவில்லை. வேலை முடிந்ததும் அப்பாவைப் பார்க்கிற சாக்கில் சாப்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவள் இன்னொரு பாயை விரித்துப் போட்டாள். மாமனார் நாற்காலி போன்ற இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் குளியலறைக்கு நடக்க ஆரம்பித்தார்.

வீம்பு வீடு அருங்காட்சியகம் ஆனது. நாலு தலைமுறை ஆனந்தமாக வாழ்ந்த இல்லம் என்று வாசலில் பலகை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அவளைத் தையல் இயந்திரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். அவள் முடியாது என்றாள். புருஷன் மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்வந்து, யார் யார் வந்தார்கள் என்று சொல்லி மாளவில்லை. அவள் பித்தான் துளை தைத்துக்கொண்டே கேட்டாள், பாதியில் எழுந்து சோறு எடுத்து வைத்தாள்.

புது இடத்துக்கு வருகிற வாடிக்கைக்காரிகள் இன்னமும் விடுவதில்லை. அவ்வளவு அழகான வீட்டை விட்டுவிட்டா இங்கே வந்தீர்கள், உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்கிறார்கள். முதலில் படி, ஜன்னல், மாமனாரைக் கட்டி இறக்கிய பலகை என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, இருந்தாலும் அழகு அழகுதானே என்பார்கள். இப்போதெல்லாம் அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "நேரா நில்லுங்க" என்று மட்டும் சொல்கிறாள்.