எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு அடி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் கார் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறுவதைப் பார்த்தேன். செஞ்சியில் இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். நாலு சக்கரத்துக்கு நாலு பழம், சாவி திரும்பியது, வண்டி ஒரு அடி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின, சாவி மறுபடி திரும்பியது, வண்டி அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் குமட்டியது.

மிகையாகச் சொல்லவில்லை. நசுங்கின எலுமிச்சையும் பெட்ரோலும் சேர்ந்து அடித்தால் என் வயிறு அப்படித்தான் நடந்துகொள்ளும். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழ சாதம் கிடையாது. பயணம் கிளம்பினால் புளிசாதம்தான். என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள். நான் நினைவாற்றல் என்கிறேன்.

அந்த வண்டி யாருடையது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு இன்ஜினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிது. மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தைத் தொடக்கூடாது, சுவிட்சை இறக்கிய ஆளேதான் ஏற்ற வேண்டும் என்று ஊரெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாலையானால் தனசேகரனின் ரைஸ்மில்லுக்குப் போய்விடுவேன். மில்லின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் என் நண்பன் சூசைராஜ், டாக்சியாக ஓடி ஓய்ந்த ஒரு பழைய காரின் முன்பக்கத்தைப் பிளந்து வைத்திருந்தான். உள்ளே இருந்த இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, சென்னையில் பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு ஜப்பான் ரோட்டரி இன்ஜினைப் பொருத்துவதாகத் திட்டம். அதோடு நிற்காமல், லாரியிலிருந்து கழற்றிய ஒரு டர்போவையும் அதன் தலையில் கட்டுவது. எதற்கு? சென்னைக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அப்போதெல்லாம் கார்ப் பந்தயம் நடக்கும். சொந்தமாக வண்டி கட்டி வருகிறவர்களுக்கு என்றே அதில் ஒரு பிரிவு உண்டு.

ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முட்டைவடிவக் கூட்டுக்குள் மூன்று முனையுள்ள ஒரு இரும்புத் துண்டு சுற்றும், அவ்வளவுதான். தனசேகரன் முதல் நாளே எட்டிப் பார்த்து, "இன்னா சார் இது, மாவு கிரைண்டர் மாதிரி இருக்குது?" என்றார். அன்றிலிருந்து செஞ்சியில் அதற்கு கிரைண்டர் வண்டி என்றே பெயர். டீக்கடையில் என்னைப் பார்த்து, "இன்ஜினீயர் சார், மாவு அரைச்சாச்சா?" என்பார்கள். நகைச்சுவை உணர்வு மிகுந்த ஊர்.

மில்லில் நெல் வேகும் வாசனை. அதன் மேல் உமித்தூசி. காற்றை உறிஞ்சும் இன்ஜினைக் கட்டுவதற்கு உலகத்திலேயே மோசமான இடம் அதுதான். டர்போவின் வாயில் ஈரக் கோணியைச் சுற்றி வைப்போம். ரோட்டரிக்கு எண்ணெய் குடிக்கும் பழக்கம் வேறு உண்டு. பெட்ரோலோடு ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற ஆயிலையும் கலந்து ஊற்றினால்தான் முனைகளில் இருக்கும் சீல்கள் தேயாமல் இருக்கும். ஆக வெந்த நெல், உமி, ஆயில் புகை என்று மூன்றும் என் சட்டையில் குடியிருந்தன. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதே வாசனையோடுதான் போனேன். அவள் சரி என்று சொன்னது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டர்போ என்பது பேராசை. புகைபோக்கியில் வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் உள்ளே தடதடவென்று தட்டும், சீல் உடைந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை உடைந்தது. மாற்று சீல் கிடைக்கும்வரை சூசைராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு, "போதும்டா சாமி, இது கொஞ்சம் அதிகமாவே குடிக்கட்டும்" என்று பெட்ரோலைத் தாராளமாக வைத்துவிட்டான்.

விடியற்காலையில் அனந்தபுரம் சாலையில் ட்யூனிங். அவன் ஓட்டுவான், நான் மடியில் காற்றழுத்த மீட்டரை வைத்துக்கொண்டு கத்துவேன். முழு வேகத்தில் அணைத்து, தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கறுத்திருந்தால் அதிகம். எங்களுடையது எப்போதும் ஒரு பிடி கறுப்பாகவே இருந்தது.

இங்கேதான் ஒரு விதி வருகிறது. அந்த இன்ஜினைச் சூடாக இருக்கும்போது எப்படி வேண்டுமானாலும் அணைக்கலாம். ஆறிக் கிடக்கும்போது கிளப்பி, உடனே அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, சீலில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். பிறகு அழுத்தமே பிடிக்காது, கிளம்பாது. பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, துவாரத்தில் ஆயில் விட்டு, பொறுமையாக இருக்க வேண்டும். சூசைராஜுக்கு இது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. டீக்கடை வாசலில் யாராவது மொபெட்டைக் கிளப்பி உடனே அணைத்தால்கூடப் பாய்ந்து போய் கையைப் பிடிப்பான். "அணைக்காதண்ணா, சூடாவட்டும்!" அடி வாங்காமல் தப்பியது அதிசயம்.

அவனுடைய நைனா டிராக்டர் ஓட்டுபவர். நல்ல மனிதர், பிடிவாதக்காரர். குவைத்தில் லாரி மெக்கானிக் வேலைக்கு மகனுக்கு விசா வந்துவிட்டது. இவனோ, கோயம்புத்தூரில் பந்தயக் கார் கட்டுகிற ஒரு பட்டறைக்காரரிடம் சேர ஆசைப்பட்டான். அந்த ஆள் பந்தயத்துக்கு வருவதாகவும், வண்டி ஓட்டத்தை ஒழுங்காக முடித்தால் இவனைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். நைனா இரண்டு வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். "ஓடுனா கோயம்புத்தூரு. இல்லன்னா குவைத்து."

மில் லாரியில் காரை ஏற்றிக்கொண்டு, தனசேகரனும் கூட வர, போனோம். பந்தயத்தன்று காலை, ஓட்டுநரும் அவருக்குத் துணையாக ஒருவரும் கட்டாயம் விதிமுறை விளக்கத்துக்கு வர வேண்டும் என்று அழைத்தார்கள். விதிமுறை என்றால் நான் போகாமல் இருப்பேனா? போகும் முன் எங்கள் அலுவலக வழக்கப்படி, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புப் பலகையை மாட்டினேன். மண்டையோடு, குறுக்கெலும்பு, அபாயம், தொடாதே. மின்மாற்றியில் தொங்குவது. தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

நாங்கள் போனதும் நைனா வந்திருக்கிறார். வரமாட்டேன் என்று சொன்னவர், இரவெல்லாம் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கையில் மாதா கோயில் தீர்த்தம் ஒரு பாட்டில். தனசேகரன் ஏற்கெனவே கற்பூரம், மாலை, எலுமிச்சம்பழத்தோடு தயாராக இருந்தார். நடந்ததை அவரே பிறகு பெருமையாகச் சொன்னார்:

"மண்டையோட்ட மாட்டி வச்சிக்கினு பூஜ பண்ண முடியுமா சார்? அதான் கழட்டி லாரிக்கு அடியில போட்டேன். பெரியவரையே உட்கார வச்சேன். அவருதான் ஸ்டார்ட் பண்ணாரு. பழத்து மேல ஒரு அடி."

"அப்புறம்?"

"அப்புறம் ஆஃப் பண்ணிட்டாரு. அப்பால தீர்த்தம் தெளிச்சாரு. ஒங்க சாமிக்கு ஒரு அடின்னா எங்க மாதாவுக்கும் ஒரு அடின்னாரு. நியாயந்தானே? மறுபடி ஸ்டார்ட் பண்ணி இன்னொரு அடி."

"மறுபடி ஆஃப்?"

"பெட்ரோல் வேஸ்ட்டாவுதுல்ல சார்!"

நாங்கள் திரும்பியபோது அந்த வாசனை எங்களுக்கு முன்னால் வந்தது. நசுங்கின எலுமிச்சை, பச்சைப் பெட்ரோல். சூசைராஜ் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, இலேசாகச் சுற்றியது. உள்ளே அழுத்தமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்துவிட்டது.

பிளக்குகளைக் கழற்றினோம், துடைத்தோம், ஆயில் விட்டோம். நைனா தீர்த்த பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வரிசைக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி எங்கள் வண்டி எண்ணைக் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை. மற்ற வண்டிகள் கிளம்பிய சத்தத்தில் தரை அதிர்ந்தது.

நைனா மெல்லக் கேட்டார். "நான் எதனா தொடக்கூடாதத தொட்டுட்டனா, கண்ணு?"

என்னிடம் முழு விளக்கமும் வரிசைப்படி தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். சூசைராஜ் என் காலை அழுத்தி மிதித்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. பிளக்கு மோசம்."

பந்தயம் முடிந்து, கோயம்புத்தூர்க்காரர் போய்விட்டபிறகு, லாரியில் ஏற்றுவதற்கு முன் சும்மா ஒருமுறை சாவியைத் திருப்பினான். இருமியது, நீலப் புகை கக்கியது, பிறகு தேன் மாதிரி ஓடியது. அவ்வளவு சுத்தமாக அது அதற்கு முன் ஓடியதே இல்லை. தனசேகரன் துள்ளிக் குதித்தார். "பாத்தியா! எலுமிச்சம்பழம் கைவிடல!" அந்த இடத்தில்தான் முதன்முதலாக எனக்குக் குமட்டியது.

ஓடியதே, இனி கோயம்புத்தூர் போகட்டும் என்று நைனாவே சொன்னார். சூசைராஜ்தான் கேட்கவில்லை. "பந்தயத்துல ஓடல நைனா. பேச்சு பேச்சுதான்" என்று குவைத்துக்குப் பெட்டி கட்டினான். நைனா சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த பிளக்கு மட்டும் நல்லா இருந்திருந்தா தம்பி" என்று வருத்தப்படுவார். நான் தலையாட்டுவேன். கடையில் பிளக்குகளைப் பார்த்தால் அவற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

போன ஞாயிறு மாதா கோயில் வாசலில் நின்றது சூசைராஜின் கார்தான். குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டான். தலைக்கு மை, கையில் தடித்த கடிகாரம். சாமியார் தீர்த்தம் தெளித்தார். மருமகன் எலுமிச்சம்பழம் வைத்தான். இரண்டு சாமிகளும் இப்போது ஒரே அடியில் சமாதானமாகிவிட்டார்கள். நான் சூசைராஜின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணமாவது தயங்குவான் என்று நினைத்தேன். சட்டென்று அணைத்தான்.

"இன்னாடா மொறைக்கிற?" என்று சிரித்தான். "இது கம்ப்யூட்டர் வண்டிடா. எத்தினி வாட்டி அணைச்சாலும் ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகவில்லைதான். தனசேகரனின் மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கை கழுவுகிறார்கள். அந்த ஓடுதளத்தில் இப்போது பந்தயம் கிடையாது. இன்ஜினை யார் எடைக்குப் போட்டார்கள் என்பதுகூட யாருக்கும் ஞாபகமில்லை. இவற்றுக்கெல்லாம் நான் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை. ஆனால் ஊரான் மொபெட்டை ஆறிய நிலையில் அணைத்தாலே பாய்ந்து வந்து கையைப் பிடிக்கிறவன் ஒருவன் இருந்தான். அவனைத்தான் அன்று அந்தக் கூட்டத்தில் தேடினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தான்.