பேருந்தைக் குறுக்கே நிறுத்திய தங்கராசு அண்ணன்

தங்கராசு அண்ணன் காலமான செய்தி வியாழக்கிழமை மதியம் என் அலுவலகத் தொலைபேசியில் வந்தது. தோஹாவில், நஜ்மா பகுதியில் அவருடன் ஒரே அறையில் இருந்த தையல்காரர் பேசினார். "சார், நம்ம டிரைவர் அண்ணன் போயிட்டாரு. சாப்பிட்டுட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல." அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரிசீவரை வைத்த பிறகு, எதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

சவூதியில், தம்மாமுக்கு வெளியே இருந்த அந்தத் தொழிலாளர் கேம்ப்பில் எங்களோடு வாழ்ந்து, இன்று வளைகுடாவின் பல ஊர்களில் சிதறியிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். முக்கியமாக உங்களுக்குத்தான் இது.

அண்ணனுக்கு ராமநாதபுரம் பக்கம். கேம்ப்பிலிருந்து சைட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸை ஓட்டினார். நான் திருச்சியிலிருந்து தட்டச்சராகப் போனவன். வெள்ளிக்கிழமை எல்லோரும் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அவர் பஸ்ஸின் இருக்கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். லீவு நாளில் எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "படுக்குற எடம் தகரக் கொட்டகை. உக்கார்ற எடமாச்சும் சுத்தமா இருக்கட்டுமே சார்" என்றார்.

அதே கேம்ப்பில்தான் அந்த ஃபோர்மேனும் இருந்தான். வெள்ளைக்காரன். குழாய் வேலையில் கெட்டிக்காரன் என்று அவன்மேல் கோபம் உள்ளவர்களே சொல்வார்கள். தன் நாய்க்கு மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டுவான். எங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே வசைச்சொல்தான். இந்தியன் எவனாவது அவனுடைய தேநீர்க் கோப்பையைத் தொட்டுவிட்டால், அதைக் கழுவச் சொல்லமாட்டான், குப்பையில் எறிவான். பம்பாயிலிருந்து வந்த ஒரு பொறியாளரைக் கம்பெனி அவனுக்கு மேலதிகாரியாகப் போட்டது. அன்றிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை. கருப்புத்தோல்காரனிடம் கையெழுத்து வாங்கிப் பிழைக்கமாட்டேன் என்று தன் நாட்டுக்காரர்களிடம் சொன்னானாம். அதை அவர்கள் குடிபோதைப் பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு காலையில் ஆட்கள் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றார்கள். அவன் தன் அறையிலிருந்து வேட்டைத் துப்பாக்கியோடு வந்தான். பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போகிற ஆள்தானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை. நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். வரிசைக்குப் பக்கத்தில் அவன் நாட்டு வெல்டர் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ தள்ளிப் போ, உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஃபோர்மேன் அவரிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். அவர் தள்ளிப்போகும்வரை காத்திருந்தான். பிறகு வரிசையைப் பார்த்துச் சுட ஆரம்பித்தான்.

ஷெட்டிலிருந்து பஸ்ஸை எடுத்து வந்துகொண்டிருந்த தங்கராசு அண்ணன் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அவர் நேராக ஓட்டி வந்து, துப்பாக்கிக்கும் வரிசைக்கும் நடுவே குறுக்காக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டார். கண்ணாடிகள் நொறுங்கி அவர்மேல் கொட்டின. பஸ்ஸின் மறைவில் ஆட்கள் ஓடித் தப்பினார்கள். அதற்குள் நான்கு பேர் மணலில் கிடந்தார்கள். அந்த நால்வரும் பிழைக்கவில்லை.

அவன் மறுபடி தோட்டா போடும்போது பின்னாலிருந்து நம் ஆட்கள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். அடி விழுந்தது. இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு முதலில் நின்றவர் முருகேசன். இறந்தவர்களில் ஒருவனான செல்வம் அவருடைய உடன்பிறந்த தம்பி. தங்கராசு அண்ணன் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, முருகேசனை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தார். "விடுண்ணே! என்னைய விடு!" என்று முருகேசன் திமிறினார். "இவன் செத்துட்டா, எதுக்குச் சுட்டான்னு யாருய்யா சொல்றது? போலீஸ்ல போயி அவன் வாயால சொல்லட்டும்!" என்று அண்ணன் கத்தினார். இரண்டு பேரின் உதவியோடு அந்த ஃபோர்மேனை பஸ்ஸுக்குள் தூக்கிப்போட்டுக் கதவைச் சாத்தினார். ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வழியில் அவன் தண்ணீர் கேட்டான். முகமெல்லாம் ரத்தம், உதடு வெடித்திருந்தது. அண்ணன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தன் பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினார். அவன் பாட்டிலைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிற்பாடு இதைப் பற்றி அண்ணன் சொன்னார்: "துப்பாக்கியப் பாத்தப்ப எனக்குப் பயம் தெரியல சார். அந்தத் தண்ணிய அவன் வேணாம்னப்பதான் உடம்பு நடுங்கிருச்சு."

காவல் நிலையத்துக்குக் கம்பெனி மேனேஜர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஃபோர்மேனுக்கும் தொழிலாளர்களுக்கும் சண்டை, அது முற்றிவிட்டது என்று சொன்னால் போதும் என்றார். மறுத்தால் எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலிடம் சொல்லி அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அண்ணன் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஒரு பாலஸ்தீன எழுத்தர் அதை அரபியில் அதிகாரிக்குச் சொன்னார். சண்டை எப்படி ஆரம்பித்தது என்று அதிகாரி கேட்டார்.

"சண்டையே இல்லைங்க. நாங்க பஸ்ஸுக்கு நின்னோம். அவன் ஆளு ஒருத்தர மட்டும் தள்ளிப் போகச் சொல்லிட்டு, எங்க தோலைப் பாத்துச் சுட்டான்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், அப்படியே சொல்லுங்க. நல்ல வார்த்தை எதும் போட்டுறாதீக" என்றார்.

அப்படியே சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்து அந்த ஃபோர்மேனைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். மறைக்கவேண்டிய விஷயமாகவே அவனுக்கு அது தோன்றவில்லை.

சில மாதங்களில் அவனுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவாகி, அவனுடைய நாட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. யார் முடிவு, எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேம்ப்பில் அன்று யாரும் சாப்பிடவில்லை. முருகேசன் பஸ்ஸின் படியில் நின்று எல்லோர் முன்பும் கேட்டார்: "நீ காப்பாத்துன ஆளு பிளேன் ஏறிட்டான். இப்ப நிம்மதியாண்ணே?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சாட்சிகள் என்பதால் எங்களை உடனே அனுப்ப மேனேஜரால் முடியவில்லை; ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி எங்கள் இருவருக்கும் அதைப் புதுப்பிக்கவில்லை. கத்தாருக்கு வந்தோம்.

தோஹாவில் அவர் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மகள் அவரிடம் ஆங்கிலத்தில் பள்ளிக் கதைகளைக் கொட்டுவாள். அவர் தமிழிலேயே பதில் சொல்வார். இருவரும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று என் மனைவி இன்னும் வியக்கிறாள்.

போன வருடம் முருகேசன் வேலை தேடி தோஹாவுக்கு வந்தார். என்னைத் தவிர தெரிந்த முகம் என்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். அண்ணன் அறைக்கு நான் போனபோது இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மீன்குழம்பை அவர் தட்டில் ஊற்றினார். முருகேசன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நீ பிடிக்கலைன்னா அவனக் கொன்னுருப்பேண்ணே."

"தெரியும்டா."

"அப்புறம் சவூதிச் சட்டத்துல என் கழுத்து போயிருக்கும்."

"அதுவும் தெரியும். ஒங்க ஆத்தாளுக்கு ஒருத்தன் போயிட்டான். ரெண்டாவது ஆளையும் நான் எப்படிடா விடுவேன்? அவனையா காப்பாத்துனேன் நானு?"

"அதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"தம்பியப் பறிகொடுத்து நிக்கிறவன்கிட்ட அதைச் சொல்ல முடியுமா? திட்டணும்னா என்னையத் திட்டிட்டுப் போன்னு விட்டுட்டேன்."

முருகேசன் எச்சில் கையோடு அப்படியே அழுதார். அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "சாப்புடு, ஆறிரும்" என்றார். இப்போது அண்ணனின் உடலோடு ஊருக்குப் போயிருப்பவர் முருகேசன்தான். வேலைக்கு வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, லீவு கிடைக்காது என்றார்கள். கிடைக்காவிட்டால் கலாஸ், வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

நான் எனக்காக வைத்துக்கொள்வது அவருடைய குரலை. பஸ்ஸை எடுக்குமுன் பின்னால் திரும்பி, "எல்லாரும் ஏறியாச்சா? யாரும் விட்டுப்போகலையே?" என்று கேட்பார். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பஸ் முதல்முறை கிளம்பிய காலையிலும் பழக்கத்தில் கேட்டுவிட்டார். அவர் இன்ஜினை அணைத்தார். எழுந்து பின்னால் வந்து, ஆளில்லாத ஒவ்வோர் இருக்கையையும் கையால் தொட்டு, அதில் உட்கார்ந்திருந்தவன் பெயரைச் சொன்னார். பிறகு போய் வண்டியை எடுத்தார்.