மீசை வைத்த பரங்கிக்காய்

சென்னையில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஐப்பசி பிறந்தால் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டுவிடுகிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பரங்கிக்காய் பேட்டரி வெளிச்சத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். "ஹாலோவீன்னு பேரும்மா, உனக்கு இதெல்லாம் புதுசா இருக்கும்" என்று போன வருஷம் மகள் எனக்கு ஆறுதல்போலச் சொன்னாள். நான் அடுக்களையில் கிடந்த நிஜப் பரங்கிக்காயை எடுத்து, காம்புப் பக்கம் மூடிபோல வெட்டி, உள்ளே குடைந்து, கண்ணும் மூக்கும் முறுக்கு மீசையும் வைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு இதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மீசை எதற்கு என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எங்கள் ஊர் பூம்பாறையில் அப்படித்தான் என்றேன். அந்த வழக்கம் ஒரே ஒரு சாயங்காலத்தில் உண்டானது என்பதை நான் சொல்லவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. மலைச்சரிவில் படிபடியாக இறங்கும் தோட்டங்களில் ஊரே பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டது. அப்பா மட்டும் வரப்போரங்களில் பரங்கிக்கொடி ஓடவிட்டிருந்தார். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று வருஷா வருஷம் அவரிடம் காய் வாங்கியது. அவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. காய் நல்ல உருண்டையாக இருக்க வேண்டும். கீழே வைத்தால் சாயாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காயும் உட்கார்ந்திருந்தால்தான் பிடிக்கும்போல என்று அவராக முடிவுகட்டிக்கொண்டார். பிஞ்சிலேயே ஒவ்வொன்றின் அடியிலும் வைக்கோல் பரப்பி, சாய்ந்தால் நிமிர்த்தி, பக்கம் மாற்றி வைத்து வளர்த்தார். ஊரில் சிரித்தார்கள். "பெத்த பிள்ளையக்கூட இந்த மனுசன் இப்பிடி உக்கார வச்சுப் பழக்கினதில்ல" என்பாள் அம்மா.

அந்த வருஷம் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் என்னைக் கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பொம்பளப் பிள்ளைய யார் கையிலயோ விட்டுட்டு நான் இங்க எப்பிடிச் சோறு திம்பேன்?" என்று கேட்பாள். பேச்சு அதோடு நின்றுவிடும். நான் அம்மா கட்சி. பள்ளிக்கூடம் இல்லாத வாழ்க்கை எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

சில நாட்களாக விடாமல் மழை. காய் எடுத்துப்போக ஜீப் வராது என்றே அப்பா நினைத்திருந்தார். ஆனால் சொன்ன நாளில் வந்தது. ஓட்டி வந்தவர் கொடைக்கானல்காரர். கூட ஒரு வெள்ளைக்கார டீச்சர், என் வயதில் ஒரு சிறுமி. டீச்சர் ஒவ்வொரு காயையும் கல்லின்மேல் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. மழைக்கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். அவள் காலிலிருந்த ரப்பர் பூட்ஸையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் போய், நாங்கள் சோற்றில் கை வைக்குமுன் திரும்பி வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் இறங்கிய வேகத்திலேயே பேசினார்.

"மேல் வளைவுக்கு இந்தப் பக்கம் மலையே எறங்கி ரோட்டுல கெடக்குங்க. அங்கிட்டுப் போக வழியே இல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலயும் கல்லு உருளுது. ஜஸ்ட் மிஸ்ஸுங்க!"

டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் திரும்பாவிட்டால் பள்ளியிலிருந்து தேடி வருவார்கள். வந்து பார்த்தால் மண்மேடுதான் தெரியும். ஜீப் அதற்கு அடியில் கிடக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? எங்கள் ஊரில் தந்தியும் கிடையாது, டெலிபோனும் கிடையாது. டிரைவர் அண்ணன் இதைச் சொல்லி முடிக்கவும், அடுப்பங்கரையில் குளிருக்கு ஒதுங்கியிருந்த சிறுமி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"என்ன கேட்டுச்சுன்னா குடுக்கலாம்? பாஷையும் தெரியலையே" என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

"கொஞ்சம் வெந்நி குடுங்க" என்றாள் சிறுமி.

அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை சிவகங்கைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் பிறந்து, ஆயா கையில் வளர்ந்தவளாம். "எங்கம்மா அங்கதான் இருக்காக" என்றாள். அந்த 'இருக்காக'வைக் கேட்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அழுகையோடு அவளும் என்னை முறைத்தாள். அப்படித்தான் நாங்கள் சிநேகமானோம்.

அன்றைக்கு அவர்கள் பள்ளியில் பண்டிகையாம். டிரைவர் அண்ணன்தான் விளக்கினார். "இந்தக் காய்க்குக் கண்ணு மூக்கு வெட்டி, உள்ள லைட் வைப்பாங்க. இது குடையறதுக்கு மட்டும்தாங்க, சமைக்க இல்ல."

அப்பா ஜீப்பிலிருந்த காய்களைத் திரும்பிப் பார்த்தார். வைக்கோல் போட்டு உட்கார வைத்து வளர்த்தது இதற்குத்தானா என்று அவர் முகம் கேட்டது. பிள்ளை பண்டிகைக்காகத்தான் அழுகிறது என்று நாங்கள் எல்லாருமே நினைத்துவிட்டோம். "சரி, இங்கயே வெட்டுவோம். கழுத, அழுகைய நிப்பாட்டட்டும்" என்று அப்பா ஜீப்பிலிருந்து காய்களை இறக்கினார்.

அம்மா குறுக்கே வந்தாள். முகம் வைத்த காய் எங்களுக்குத் தெரியாததல்ல. புது வீட்டு வாசலில் கண்ணேறு படாமல் இருக்கத் தொங்கவிடுவதுதான். ஆனால் அதற்குள் விளக்கேற்றி வைப்பது அவளுக்கு உறுத்தியது. "எதையோ கூப்பிடற மாதிரில்ல இருக்கு?"

"பேயக் கூப்பிடறதுக்கு இல்ல. வெரட்டத்தான்" என்றாள் சிறுமி.

"வெரட்டவா? அப்பச் சரி. நம்ம சோலிதான்" என்று அம்மா அரிவாளையும் ஆப்பையையும் எடுத்து வந்தாள். ஒரே ஒரு கட்டளை போட்டாள்: சதையில் ஒரு துண்டு வீணாகக் கூடாது, விதை காயப்போட வேண்டும்.

டீச்சர் முக்கோணக் கண்ணும் கோணல் பல்லும் வெட்டிக் காட்டினார். அப்பா தன் பங்குக்கு ஒன்றை எடுத்தார். அவர் கைக்குத் தெரிந்தது கண்ணேறுக்காய் முகம் மட்டும்தான். உருட்டு விழி, கோரைப்பல், காதுவரை முறுக்கிய மீசை. டீச்சர் கைதட்டினார். அதற்குப் பிறகு நானும் வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகளும் மீசையே வெட்டினோம். வெள்ளைக்காரச் சிறுமியும் முதலில் வெட்டியதற்கு ஒரு மீசையைச் சேர்த்துவிட்டாள்.

அம்மா போன வருஷத்துக் கார்த்திகை அகல்களைத் தேடி எடுத்து எண்ணெய் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, தேடி வர்றவங்க மேல் வளைவுல நின்னா நம்ம தோட்டம் தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கென்ன?"

"இந்தக் காய் ஜீப்புலதான போச்சு? இது ஊருக்குள்ள எரிஞ்சா, ஜீப்பு தப்பிச்சிருச்சுன்னுதான அர்த்தம்? வெரசா எடுத்துட்டுப் போயி தோட்டத்துச் சொவர் மேல வைங்க!"

டிரைவர் அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னதும் டீச்சர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கைகள் பரங்கிச் சதையாய் இருந்தன. அம்மா வெட்கப்பட்டு உருவிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மழை விட்டது. மூட்டமும் கொஞ்சம் விலகியது. தோட்டத்துக் கல்சுவர்கள் மேல் வரிசையாக மீசைக்காரர்கள் மஞ்சளாக எரிந்தார்கள். நாங்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரம் மலை இருட்டாகவே இருந்தது. பிறகு வளைவில் இரண்டு வெளிச்சங்கள் வந்து நின்றன. அவை அசையவில்லை. டிரைவர் அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். திடீரென்று மேலே ஹாரன் சத்தம். நீளமாக, விட்டுவிட்டு, மறுபடியும் மறுபடியும். வெளிச்சம் அணைந்து எரிந்தது. டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ஜீப் ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவேயில்லை. டீச்சர் ஈரச் சுவரிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் குதித்தோம். பேய் ஓடிவிட்டது என்று ஒருவன் கத்தினான்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பரங்கிக்காய்க் குழம்பு. சிறுமி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தவள் மறுபடியும் அழுதாள். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அதான் வெளக்கு ஏத்தியாச்சே. தேடி வந்தவங்களும் பாத்துட்டாங்க. இன்னும் எதுக்கு அழுகுற?"

"எங்கம்மா பாக்கலையே" என்றாள்.

அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்து, சணல்நிறத் தலைமுடியைக் கோதிக்கொடுத்தாள்.

"எந்த வயசுல தாயி உன்னயக் கொண்டுவந்து விட்டாங்க?"

"ஆறு."

"தெனம் அழுவியா?"

"அப்ப அழுதேன். இப்பப் படிப்பேன். இன்னைக்குத்தான் அழுகையா வருது."

"படிச்சு?"

"எங்கம்மா மாதிரி டாக்டராவேன்."

"உங்கம்மாவா டாக்டரு?" என்று அம்மா கேட்டாள். கை கோதிக்கொண்டே இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். குழம்புக்கு வைத்திருந்த வெல்லத்தை நான் எடுத்துத் தின்றது தெரிந்துவிட்டது என்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டேன். "வெளக்கெல்லாம் அணைஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனாள். சாரல் அடித்து எல்லாம் எப்போதோ அணைந்துவிட்டிருந்தன. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன்.

மறுநாள் வெள்ளனே ஆட்கள் வந்து, மண்மேட்டில் கால்தடம் வெட்டி அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போனார்கள். அந்தக் கார்த்திகைக்கும் அதற்குப் பிறகு சில கார்த்திகைகளுக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் மீசைப் பரங்கிக்காய் வைத்தார்கள். முதல் கார்த்திகைக்கு மட்டும்தான் நான் கூட இருந்தேன்; பிந்தியதையெல்லாம் விடுமுறைக்கு வந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அடுத்த வருஷம் ஆனி மாதம் என் பெட்டியை அம்மாவே அடுக்கினாள். அப்பா நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்க அழுதேன். அந்த விடுதியிலிருந்துதான் மதுரைக் கல்லூரிக்குப் போனேன், பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தேன்.

அடுப்போரத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வருத்தம்தான். யார் பெற்ற பிள்ளைக்கோ அவ்வளவு நேரம் தலை கோதிய அம்மா, பக்கத்திலேயே இருந்த என்னைத் தொடவே இல்லையே என்று. அவள் என்னைத் தொடாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள் என்பது பத்து வயதில் எப்படித் தெரியும்?