மாறாத தொகுதி

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கண்டி மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில்தான் நன்றாக வரும். இரண்டு பீப்பாய்களையும் நிரப்பினேன். சோறு வைத்து, பருப்பு ஆக்கி, முட்டை பொரித்து மகளுக்குப் பகல் சாப்பாடு கட்டினேன். அவள் பாடசாலை வேனில் ஏறிப் போனபின் சட்டையை இஸ்திரி போட்டேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகரத்துக்கு நடந்தேன். இரும்புச் சாமான் மொத்தக் கடை ஒன்றில் இருப்புக் கணக்கு எழுதுகிறேன். எட்டு மணிக்கு முதலாளி வந்தார். ஆணிப் பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் வழக்கம்போலத்தான். அன்று பகல் பதினொன்றரைக்கு, அங்கே காலை ஏழு மணியாகும்போது, என் மனைவி இருக்கும் வேல்ஸ் ஊரில் பாராளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு தொடங்கவிருந்தது. அவளுக்கும் ஒரு வாக்கு இருந்தது.

அவள் அங்கே போய்ப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி உதவியாளராக இருந்தவள். வேல்ஸில், ஒருகாலத்தில் நிலக்கரி வெட்டிய பள்ளத்தாக்கு ஒன்றில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. மூன்று பேரும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. எனக்கும் மகளுக்கும் கடவுச்சீட்டு எடுத்து, விசாவுக்கான காசநோய்ச் சோதனைக்குக் கொழும்பில் நெஞ்சு எக்ஸ்ரே படமும் பிடித்தாயிற்று. அந்த மார்ச் மாதத்தில் பிரித்தானியாவில் விதி மாறியது. இனிப் புதிதாக வரும் பராமரிப்பாளர்கள் கணவனையோ பிள்ளைகளையோ கூட்டிவர முடியாது. அவளுடைய வேலைப் பத்திரம் அதற்கு அடுத்த கிழமை வந்தது.

போவதா, விடுவதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது முகவர்தான் வழி சொன்னார். அங்கே தேர்தல் வருகிறது, ஆட்சி மாறப்போகிறது, மாறினால் முதல் வேலையாக இந்த விதியை எடுத்துவிடுவார்கள் என்றார். "நீங்க முதல்ல ஏறிடுங்க அக்கா. இவங்க ரெண்டு பேரும் கிறிஸ்மஸுக்கு அங்க." அவள் ஏறினாள்.

கணக்கு இதுதான். ஐந்து வருடம் அங்கே வேலை செய்தால் அவளுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கலாம்; அதன்பின் எங்களைக் கூப்பிடலாம். அது 2029. மகளுக்கு 2027இல் பதினெட்டு முடியும். பதினெட்டு முடிந்த பிள்ளை அந்த நாட்டுச் சட்டத்தில் தாயோடு சேர்ந்த பிள்ளையில்லை. அன்று தேர்வாகும் பாராளுமன்றத்தின் ஆயுளும் ஐந்து வருடம். ஆகவே எங்களுக்கு இருந்தது இந்த ஒரு தேர்தல். விதியை இவர்கள் மாற்றினால் மகள் தாயிடம் போவாள். இல்லாவிட்டால் போகமாட்டாள்.

வாக்கு கிடைத்த கதையும் தற்செயல்தான். அவளோடு வீட்டைப் பகிர்ந்திருந்த மலையாளப் பெண், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் தொலைபேசி இணைப்பு எடுக்கச் சுலபம் என்று சொல்லி, எல்லோருடைய பெயரையும் இணையத்தில் பதிந்துவிட்டாள். இலங்கையைப் போன்ற பொதுநலவாய நாட்டுக்காரர் அங்கே சட்டப்படி குடியிருந்தால் வாக்களிக்கலாமாம். ஜூனில் ஒருநாள் என் மனைவி பெயருக்கு வாக்களிப்பு அட்டை வந்து விழுந்தது. எதையாவது தவறாகச் செய்துவிட்டோமோ, விசாவைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். என் அப்பா இந்த மலைநாட்டிலேயே பிறந்தவர். இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று பிரஜாவுரிமை மறுக்கப்பட்டு, நாற்பது வயது தாண்டித்தான் முதல் வாக்கைப் போட்டார். அந்த அட்டையை நான் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்குப் போடணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. பேப்பர் படிக்கிற ஆளு நீங்கதானே," என்றாள்.

அப்படித்தான் அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு என் கைக்கு வந்தது. கடையில் பகல் இடைவேளையில், ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தொலைபேசியில் ஒவ்வொரு தேர்தலாகப் படித்தேன். பழையதிலிருந்து தொடங்கினேன். இடையில் பாய்ந்து படிக்க எனக்கு வராது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த ஒருவர் முதலில் வென்றிருந்தார். பிறகு அவருடைய கட்சி. பிறகும் அதே கட்சி. சில தேர்தல்களில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போட்டியின்றித் தெரிவு. ஒரேயொரு இடைத்தேர்தலில், நான் பிறப்பதற்கு முன், வேல்ஸ் மொழிக்காரர்களின் கட்சி கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தது. அடுத்த பொதுத்தேர்தலில் பழையபடி ஆகிவிட்டது. சுரங்கங்கள் மூடப்பட்டன, ஆட்கள் குறைந்தார்கள், இந்த முறை வேல்ஸின் நாற்பது ஆசனங்களை முப்பத்திரண்டாகச் சுருக்கிப் பக்கத்துத் தொகுதியோடு ஒட்டியிருந்தார்கள். பக்கத்துத் தொகுதியையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே கட்சி.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெல்லுகிற பக்கம் நிற்க வேண்டும். நின்றால்தான் நாளைக்கு ஒரு கடிதத்துக்கு, ஒரு வேலைக்கு, ஒரு பெயர்ப்பலகைத் திறப்பில் முன்வரிசைக் கதிரைக்குப் போய்க் கேட்கலாம். யார் யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் எங்கள் வரிசையில் இருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் வளர்ந்தவன். வெல்லப் போகிறவருக்கே போடு, வென்றபின் அவருக்கு நம் நிலைமையை எழுதலாம், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். கடிதத்தை மனதுக்குள் தொடங்கியும் இருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்த வேட்பாளரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். இரவு வேலை முடிந்து வந்து படுக்கப் போனவள், தலையைக்கூட வாராமல் போய்த் திறந்திருக்கிறாள். சட்டையில் கட்சி நிற நாடாப்பூ குத்திய மனிதர், கையில் துண்டுப் பிரசுரம். மேலே வேல்ஸ் மொழி, கீழே ஆங்கிலம். ("இங்கயும் ரெண்டு பாஷைங்க. மேல இருக்கிறது எனக்கும் புரியல்ல, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கும் புரியாதாம்.") உங்கள் ஆதரவு கிடைக்குமா என்று கேட்டாராம். இவள் நேரடியாக, என் பிள்ளையைக் கூட்டிவர விடுவீர்களா என்று கேட்டாள். அவர், இல்லை, அந்த விதியை நாங்கள் வைத்துக்கொள்வோம், உங்களிடம் வேறுமாதிரிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, மன்னியுங்கள் என்றாராம். பிறகு மழையில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என் வயதுக்கு எத்தனையோ வேட்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு தருவார்கள், ஏழு பேர்ச்சஸ் காணி தருவார்கள், சம்பளம் ஏறும் என்பார்கள். முடியாது என்று ஒருவரும் எங்கள் வாசலில் நின்று சொன்னதில்லை. பொய்யென்றால் அதைச் சொல்லித் திட்டலாம், அடுத்த தடவை அவர் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த மனிதரை என்ன செய்வது?

மற்றவர்களையும் தேடினேன். ஆட்சியில் இருந்த கட்சிதான் விதியையே கொண்டுவந்தது. எட்டிப் பிடிக்கக்கூடிய வேறு யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சிறிய கட்சி மட்டும், பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர விடுவோம் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. அந்தத் தொகுதியில் அந்தக் கட்சி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். பல தடவை கட்டுப்பணத்தையும் இழந்திருக்கிறது. ஒரே ஆள் மூன்று தேர்தலில் தொடர்ந்து நின்று மூன்றிலும் தோற்றிருந்தார். அவருடைய பெயர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கூட்டிட்டு வரலாம்னு சொல்ற ஆளு ஜெயிக்க மாட்டாரு. ஜெயிக்கிற ஆளு முடியாதுங்கிறாரு. இதுக்காங்க இவ்ளோ நாளு படிச்சீங்க?"

இதுதான் தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசி முடித்த இடம்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். முதலாளி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன, உங்கட மிஸிஸ் இன்டைக்கு அங்க கவர்மென்ட மாத்துறாவாம்? மாத்தினா அப்டியே கம்பி விலையயும் கொறைக்கச் சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், அவருடைய மகன் கட்டாரிலிருந்து மூன்று வருடமாக வரவில்லை. பதினொன்றரை ஆனபோது நான் தொலைபேசியை எடுக்கவில்லை. இரவு வேலை முடிந்து, அங்கே காலை பதினொரு மணிபோல்தான் அவள் வாக்களிக்கப் போவாள் என்று தெரியும். ஆனால் ஒரு பட்டியலில் முக்கால் அங்குலத்தையும் அரை அங்குலத்தையும் மாற்றி எழுதி, பிறகு வெட்டித் திருத்தினேன்.

மாலை ஆறு மணிக்கு அவள் அழைத்தாள். மகள் தொலைபேசியை அலுமாரிக் கைப்பிடியில் சாய்த்து வைத்தாள். அங்கே பகல். அவள் இன்னும் வேலைச் சீருடையில் இருந்தாள். இடது கைச் சுண்டுவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

என்ன காயம் என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாக்களிப்பு நிலையம் ஒரு தேவாலய மண்டபம். வதிவிட அட்டையைக் காட்டினாள். வயதான பெண் அதிகாரி பெயரைப் பார்த்துக் கோடு போட்டுவிட்டு வாக்குச் சீட்டைக் கொடுத்தார். இவள் சீட்டை வாங்காமல் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நம்ம ஊரு மாதிரி மை பூசுவாங்கன்னு நெனச்சேன். கைய எடுக்கவும் இல்ல. அந்தம்மா வெரலப் பாக்குது, என்னையப் பாக்குது. வெரல்ல அடிபட்டுருச்சான்னு கேக்குது. எனக்கு இங்கிலீஷ்ல மைன்னு சொல்ல அந்த நேரம் வாய் வரல்ல. அதுக்குள்ள எந்திரிச்சிப் போயி பெட்டியத் தொறந்து பிளாஸ்டரக் கொண்டாந்து ஒட்டிருச்சிங்க."

"நீ வேணாங்க வேண்டியதுதானேம்மா," என்றாள் மகள்.

"பின்னால லைன்ல ஆளு நிக்குதுடி. வெக்கமா போச்சி. தேங்க்ஸ்னு சொல்லிட்டு அந்த வெரலோடயே போயி ஓட்டப் போட்டேன்."

மகள் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். தாயும் அங்கே சிரித்தாள். நானும்தான்.

யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், அது ரகசியம், அந்தம்மாவிடமே சொல்லவில்லை என்றாள். நான் இன்னொரு தடவை கேட்டேன். யாருக்குப் போட்டிருந்தாலும் நீங்கள் படித்த அந்தத் தேர்தல் பட்டியலில் ஒன்றும் அசையாது, விடுங்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இன்றுவரை தெரியாது.

பிறகு அவள் பிளாஸ்டரைப் பிய்த்தெடுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் மகள் கேட்டாள்:

"அம்மா, நீ எப்ப வருவ?"

பத்து வாரமாக எங்கள் வீட்டில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. எப்ப போறோம் என்பதுதான் கேள்வி. பாடப் புத்தகத்துக்கு உறை போடும்போதும், சப்பாத்து வாங்கும்போதும், மழைக்குக் கூரைத் தகரம் சத்தம் போடும்போதும், எப்பப்பா போறோம் என்று கேட்பாள். கேட்டுக்கேட்டு அது ஒரு பாட்டு மாதிரி ஆகியிருந்தது. அன்று அவள் 'போறோம்' சொல்லவில்லை.

மனைவிக்கும் அது விளங்கியது. விரலிலிருந்து கையை எடுத்தாள். "நீ வர்றதப் பத்தித்தானே பேசினோம்," என்றாள்.

"அது இல்லன்னு கதவத் தட்டின அந்த ஆளே சொல்லிட்டாரே. நீ எப்ப வருவன்னு சொல்லு."

மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம். இடையில் வேலையை விட்டால், அறுபது நாளில் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும். வெளியேறினால் இங்கே விட்டுப்போன வேலை திரும்பக் கிடைக்காது. முதல் வருடத்தில் நீண்ட விடுமுறை இல்லை. இதெல்லாம் எங்கள் மூவருக்கும் தெரியும். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மூணு வருஷம்," என்றாள்.

"அப்ப எனக்கு பதினெட்டு."

"ம்."

"அப்ப சரி," என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரிச் சொன்னாள். எழுந்து போய்ப் புத்தகப் பையைத் திறந்தாள். மனைவி திரையில் அவள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அலுமாரிக் கதவுதான் தெரிந்திருக்கும். நான் நடுவில் வந்து உட்கார்ந்தேன். தூங்கு, இன்றிரவும் வேலை இருக்கிறதல்லவா என்றேன். சரிங்க என்றாள். யாரோ அங்கே கதவைத் தட்டினார்கள், அவள் எழுந்து போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, அந்தத் தொகுதியின் முடிவு வருவதற்கு முன்பே, தண்ணீர் பிடிப்பதற்கும் முன்பே, கட்டுகஸ்தோட்டையில் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணித வகுப்பு நடத்தும் ஆசிரியரை அழைத்தேன். ஏப்ரலில் அவர் இடம் தருவதாகச் சொன்னபோது, பிள்ளை வெளிநாடு போகிறாள், வேண்டாம் சார் என்று சொல்லியிருந்தேன். இப்போது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். சனிக்கிழமை வகுப்பில் கடைசி வாங்கில் ஓரிடம் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "எத்தன மாசத்துக்கு வருவா? இடையில நிக்கிற பிள்ளைன்னா எனக்குக் கஷ்டம்."

"இடையில நிக்க மாட்டா சார்," என்றேன். "பரீட்சை வரைக்கும் இங்கதான் இருப்பா."