மகனைப் பிடிச்சுக் குடுத்த அஞ்சலை அத்தை

அஞ்சலை அத்தை நேத்து போயிட்டாங்க. மகன் மணியம்தான் போன் பண்ணான்... "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா."

அவன் அழுதான். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அழ ஒரு மகன் இருக்கானே அவங்களுக்கு!

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எண்பதுகள்ல தானா ராத்தா மலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல நானும் அத்தையும் ஒண்ணா கொழுந்து எடுத்தோம். தொழிலாளர் லைன்ல அடுத்தடுத்த வீடு.

மணியமும் என் தம்பி ராஜுவும் கூட்டாளிங்க. போதைப் பவுடர் பழக்கத்துல விழுந்ததும் சேர்ந்துதான்.

எங்க வீட்ல முதல்ல ரேடியோ காணாம போச்சு. அப்புறம் பித்தளைக் குடம். கடைசியில அம்மாவோட கம்பளி... அந்தக் குளிர்ல அம்மா சாக்கைப் போர்த்திக்கிட்டுப் படுத்தாங்க. ராஜுவை ஒரு வார்த்தை கேட்கல.

அத்தை தானே போய் போலீஸைக் கூட்டிட்டு வந்தாங்க. மணியம் ஜீப்ல ஏறும்போது வீட்ல இருந்த ஒரே கம்பளியை அவன் தோள்ல போட்டு விட்டாங்க.

லைனே திரண்டு ஏசுச்சு. பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்தவளாம்! பைப்படியில யாரும் முகம் குடுத்துப் பேசல.

அன்னைக்குச் சாயங்காலமே அத்தை எங்கம்மாகிட்ட வந்தாங்க. "உன் மவனையும் அனுப்பிரு லெச்சுமி. ரெண்டும் ஒண்ணா போயி ஒண்ணா வரட்டும்லா."

"எம்புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்." அம்மா கதவைச் சாத்திட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு மறுவாழ்வு மையத்துல இருந்து மணியம் வந்தான். கன்னமெல்லாம் சதை வச்சு, கையில அதே கம்பளி. அத்தை அதைத் துவைச்சு வாசல் கொடியில போட்டாங்க.

பக்கத்துல எங்க கொடியில ராஜு சட்டை. அவனை அடக்கம் பண்ணிட்டு வந்து நான் துவைச்சது.

வயிறு எரிஞ்சுது எனக்கு... சத்தியமா.

அப்புறம் மணியம் லோரி ஓட்டினான், கல்யாணம் கட்டினான். தீபாவளிக்குத் தீபாவளி அத்தை அவன் கையில முறுக்கு குடுத்து அனுப்புவாங்க. அம்மா தட்டை வாங்கி வச்சுட்டு அவன் கையைப் பிடிச்சுக்குவாங்க. லேசுல விட மாட்டாங்க. நான் அடுப்படிக்குப் போயிடுவேன்.

இன்னைக்கு மத்தியானம் மணியம் உங்களுக்குக் கொள்ளி வச்சான் அத்தை. பேரப்பிள்ளைங்க சுத்தி நின்னாங்க.

எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சதும் அவன்தான்.

அன்னைக்கும் எனக்கு உங்க மேல பொறாமைதான்... போயிட்டு வாங்க அத்தை.